ஸ்கைடைவிங் தளத்தின் பக்கத்தில் பறந்தபோது

செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஓட்டுபவர், ஃபுளோரிடா:
ஞாயிற்றுக்கிழமை காலை, 3,000 அடி, தெற்கு நோக்கிப் போகிறேன். வரைபடத்தில் பாராசூட் குறி இருந்ததால் அந்த விமானநிலையத்தின் மேலே போகாமல், ஒன்றரை மைல் மேற்கே விலகியே பறந்தேன். அவர்களுடைய அலைவரிசையையும் கேட்டுக்கொண்டிருந்தேன். குதிப்பவர்கள் வெளியேறிவிட்டதாக, அவர்களை ஏற்றிச் சென்ற ஜம்ப் விமானத்தின் விமானி அறிவித்தார். இடப்பக்கம், விமானநிலையத்தின் நேர்மேலே தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. சட்டென்று என் இறக்கை நுனிக்கு அப்பால், என் உயரத்திலேயே ஒரு மஞ்சள் பாராசூட் விரிந்தது. ஏற்கெனவே விரிந்து மிதந்துகொண்டிருந்ததல்ல. துணி உதறி விரிவதையே பார்த்தேன். குதித்தவர் கால்களை மடக்கியதுகூடத் தெரிந்தது. வலப்பக்கம் திரும்பி விலகிவிட்டேன். இவ்வளவு தள்ளிப் போயும் அவர் எப்படி அங்கே வந்தார்?

அரிசோனா விமானி:
மேற்குக் காற்றாக இருந்திருக்கும். குதிப்பவர்களை விமானநிலையத்தின் நேர்மேலே இறக்கிவிடுவதில்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளி இறக்கிவிட்டால்தான் காற்று அவர்களைத் தளத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நீங்கள் ஒதுங்கிய பக்கம்தான் அவர்கள் விழும் பக்கம். உயரமும் அப்படியே. 13,000 அடியில் குதித்து, மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் விழுந்து, பலர் 3,000 முதல் 5,000 அடிக்குள் விரிக்கிறார்கள்.

என்னை உறுத்துவது வேறு. பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே ஈலாய் பக்கம் பறக்கும்போது, ஆட்களை இறக்கிவிட்ட ட்வின் ஆட்டர் என்ற இரட்டை எஞ்சின் ஜம்ப் விமானம் ஒன்று மூக்கைக் கவிழ்த்து என் முன்னே கீழே இறங்கியது. அதன் வயிற்றுப்புறம் முழுவதும் என் கண்ணாடியில் நிறைந்தது. எல்லோரும் குதித்தவர்களையே தேடுகிறோம். அவர்களை விட்டுவிட்டுத் திரும்பும் விமானத்தை யாரும் தேடுவதில்லை.

செஸ்னா 172 ஓட்டுபவர்:
காற்றைப் பற்றிய தகவலைப் பார்த்தேன். அன்று 12,000 அடியில் காற்று மேற்கிலிருந்து 45 நாட், அதாவது மணிக்கு சுமார் 83 கிலோமீட்டர்.

பாராசூட் குதிப்பவர்:
காற்றைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 'தேடுகிறோம்' என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தலைக்கு மேலே விழுந்துகொண்டிருக்கும் ஓர் உடலை விமானத்துக்குள்ளிருந்து உங்களால் பார்க்கவே முடியாது. செஸ்னாவின் இறக்கையே மறைத்துவிடும். விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி வழியே உங்கள் திரையில் ஜம்ப் விமானம் தெரியும், நான் தெரியமாட்டேன். ஒருமுறை பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தபோது என் காலுக்குக் கீழே ஒரு பைப்பர் சிறு விமானம் கடந்துபோனது. விமானியின் தலை குனிந்திருந்தது, டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினேன். அவருக்கு எப்படிக் கேட்கும்?

பயிற்சியாளர்:
குதிப்பவர் கோபப்படுவது நியாயம். ஆனாலும் பொறுப்பு விமானியுடையது மட்டுமல்ல. பிற விமானங்களுக்கு ஆபத்து இருந்தால் குதிக்கவிடக் கூடாது என்று அமெரிக்க விதியே சொல்கிறது. கட்டுப்பாடுள்ள வான்வெளியில் குதிப்பதற்குக் குறைந்தது ஐந்து நிமிடம் முன்பே ஜம்ப் விமானி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருடன் வானொலித் தொடர்பில் இருக்க வேண்டும். அதனால்தான் என் மாணவர்களிடம் சொல்கிறேன்: நீங்களும் அதே கட்டுப்பாட்டாளரிடம் பேசுங்கள், குதிப்பு நடக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கிளம்பும் முன் மேல்காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள், காற்று போகும் பக்கமாகக் கடந்து செல்லுங்கள். அங்கேயே இறங்குவதானால் ஓடுபாதையின் குறுக்கே மேலே பறந்து போகாதீர்கள். பாராசூட்கள் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று அலைவரிசையில் கேட்டுவிட்டு மறுபக்கமாக வாருங்கள். தரைக்கு அருகே வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். 2014 மார்ச்சில் ஃபுளோரிடாவின் சவுத் லேக்லேண்டில், இறங்கி எழும் பயிற்சியில் இருந்த ஒரு செஸ்னா 170 தரைக்குச் சற்று மேலே பாராசூட்டில் மாட்டிக்கொண்டது. விமானியும் குதித்தவரும் பிழைத்தார்கள். 13,000 அடியைப் பற்றி இங்கே இவ்வளவு பேசுகிறோம். கடைசி 100 அடியைப் பற்றி யாருமே எழுதவில்லை. அப்படி எதிர்கொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.