அந்த 37 விழுக்காடு

பள்ளத்தூரான்:
"நாள்பட்ட மனச்சோர்வு பரம்பரைச் சொத்து; 100 நோயாளிகளில் 37 பேருக்கு அது பெற்றோர் வழியாக வந்தது என்று ஆய்வே சொல்லிவிட்டது" என்று நேற்று செக்காலையார் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2000ஆம் ஆண்டில் சல்லிவனும் உடன் ஆய்ந்தோரும் இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட 37 விழுக்காடு, மக்களிடையே இந்நோய் வாய்ப்பில் காணப்படும் வேறுபாட்டில் மரபின் பங்கைக் குறிக்கிறதே தவிர, நோயாளிகளின் தலைக்கணக்கு அன்று.

செக்காலையார்:
பங்கோ தலைக்கணக்கோ, 37 என்பது 37தான். எங்கள் ஐயாவுக்கும் இருந்தது, அப்பச்சிக்கும் இருந்தது. ஐந்தொகைக் கணக்கு எழுதிப் பழகிய குடும்பத்துக்கு விழுக்காடு கற்பிக்க வேண்டாம், அண்ணே.

தேவகோட்டை ஆச்சி:
இருவருமே மரபைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து பிரவுனும் ஹாரிஸும் 1978இல் எழுதியது என்ன? பதினொரு வயதுக்குள் தாயை இழந்தது, வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவரோ அதற்கு மேலோ இருப்பது, வெளிவேலை இல்லாதது, மனம்விட்டுப் பேச ஒருவர் இல்லாதது ஆகிய நான்கும் துயரம் வரும்போது பெண்ணைச் சாய்க்கின்றன என்றார்கள். எங்கள் கூட்டுவீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றி, புள்ளிக்கு, அதாவது மணமான இணைக்கு, ஓர் அடுப்பு எரிந்த காலத்தில், என் சின்ன மாமியார் துடைத்த எனாமல் தூக்கையே மறுபடி துடைத்தபடி மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். "அலுப்பாக இருக்கிறாள்" என்பதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை.

முத்துப்பட்டணத்துத் தம்பி:
பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த 37 பெரும் மனச்சோர்வு என்ற நோய்வகை பற்றியது. நாள்பட்டது என்றால், 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின்படி, பெரியவர்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று...

பள்ளத்தூரான்:
தம்பி, வரையறையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வராதீர்கள். ஆச்சிக்கு ஒன்று சொல்கிறேன்: நீங்கள் அடுக்கிய நான்கில் தாயை இழந்த காரணம் பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் உறுதிப்படவில்லை. மேலும் அதே 2000ஆம் ஆண்டுத் தொகுப்பில், மரபு போக எஞ்சிய பங்கு ஏறத்தாழ முழுவதும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நேர்ந்த அனுபவங்களுக்கே போகிறது. ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்ததற்கு மிகக் குறைவான பங்கே கிடைக்கிறது. ஆகவே வளவையும் அடுப்பையும் விடுங்கள். செக்காலையாருக்கு இரண்டாம் முறையாகச் சொல்கிறேன்: 37 பேர் அன்று, வேறுபாட்டில் 37 விழுக்காடு.

தேவகோட்டை ஆச்சி:
ஒரே வீட்டில் வளர்ந்தவரா என் சின்ன மாமியார்? வாழ வந்தவர். உங்கள் கணக்கில் அவருக்கு நேர்ந்தது எந்தப் பத்தியில் வரும் என்பதை மட்டும் சொல்லுங்கள், பிறகு அடுப்பை விடுகிறேன்.

செக்காலையார்:
ஆச்சிக்குப் பள்ளத்தூரான் பதில் சொல்ல மாட்டார். ஆத்தங்குடித் தரைக்கல் சூளையில் சுடப்படுகிறது என்று சென்ற ஆண்டு சாதித்தவர்தானே இவர்? வெயிலில் காய்ந்து தண்ணீரில் ஊறும் கல்லைச் சுட வைத்தவர், இன்று இரட்டையரை அளக்கிறார்.

பள்ளத்தூரான்:
சூளை என்று நான் சொன்னது செங்கல்லை. பேச்சை மாற்றாதீர்கள். மூன்றாம் முறை: 37 விழுக்காடு என்பது...

செக்காலையார்:
செங்கல் என்று எழுதியிருந்தால் பழைய பதிவை எடுத்துப் போடுங்கள். 37ஐப் பிறகு பார்ப்போம்.