நவம்பர் 15: மான் பரணில் விடியல் முதல் அந்தி வரை

குழு: போடிக் குடும்பம்

[காலை 5.50] நான்: அனைவருக்கும் வணக்கம். மிச்சிகனில் துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் இன்று தொடங்குகிறது. கிழமை எதுவாக இருந்தாலும் நவம்பர் 15 அன்று தொடங்கி 30 அன்று முடிவது இங்கே வழக்கம். என்னுடன் வேலை பார்க்கும் நண்பருக்குக் காடிலாக் ஊருக்கு அருகே சொந்தக் காடு இருக்கிறது. அவருடன் பரணில் ஏறி, இருட்டும் வரை இறங்காமல் உட்காரப் போகிறேன். அங்கே வாய் திறந்து பேசக் கூடாது, ஆனால் கைபேசியின் ஒலியை அணைத்துவிட்டு எழுதலாம். மாமா, முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் லான்சிங் வீட்டிலேயே இருப்பதால் ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

[காலை 5.57] அம்மா: இங்கே மாலை விளக்கு வைக்கும் நேரம் ஆகப் போகிறது, நீ காட்டுக்குள் போகிறேன் என்கிறாய். துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு இருட்டில் மரத்தில் எப்படி ஏறுவாய்? எத்தனை அடி உயரம்? கை வழுக்கினால் யார் பிடிப்பார்கள்?

[காலை 6.05] மாமா: அக்கா, நீ கேட்டதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. குண்டு பட்டு விடுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் மான் வேட்டைக்காரர்களின் எலும்பை முறிப்பதும் முதுகை ஒடிப்பதும் பெரும்பாலும் பரணிலிருந்து தவறி விழுவதுதான். அதிலும் மேலே உட்கார்ந்திருக்கும்போது விழுபவர்களைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியை விட்டு இருக்கைக்கு மாறும் அந்த ஓரடியில் விழுபவர்களே அதிகம். மருமகனே, உடம்போடு கட்டும் பாதுகாப்பு வாரான ஹார்னஸைத் தரையிலேயே பூட்டிக்கொள். மரத்தின் உச்சியிலிருந்து அடி வரை தொங்கும் காப்புக் கயிற்றில் அதை மாட்டிய பிறகே முதல் படியில் காலை வை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதே. குண்டுகளை எடுத்துவிட்டு, குண்டு போடும் அறையைத் திறந்து வைத்து, வேறொரு கயிற்றில் கட்டிவிட்டு, நீ மேலே உட்கார்ந்து பூட்டிக்கொண்ட பின் இழுத்துக்கொள். குழாய் முனை உன்னைப் பார்த்தபடி மேலே வரக் கூடாது.

[காலை 6.11] நான்: அப்படியே செய்கிறேன், மாமா. அம்மா, இது இருவர் சேர்ந்து உட்காரும் இரும்பு ஏணிப் பரண், இருக்கை பதினைந்து அடி உயரத்தில் இருக்கிறது. நான் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை இன்னும் முடிக்காததால் பயிலுநர் உரிமம்தான் எடுத்திருக்கிறேன். அந்த உரிமத்தில் வேட்டையாடுபவருடன் 21 வயது நிரம்பிய, உரிமம் உள்ள ஒருவர், கண்ணால் பார்த்துக்கொள்ளவும் வாயால் பேசிக்கொள்ளவும் முடிகிற தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே நண்பர் நாள் முழுவதும் என் தோளுக்கு அருகில்தான் இருப்பார்.

[காலை 6.14] அம்மா: அந்தப் பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். காதை மூடிக்கொள்.

[காலை 7.20] பெரியப்பா: மானைப் பற்றி எனக்குத் தெரிந்தது, விடியற்காலையில் மேயும், வெயில் ஏறினால் நிழலில் படுத்து அசைபோடும், பொழுது சாயும்போது மறுபடியும் எழும் என்பதுதான். அப்படியானால் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதாதா? நடுப்பகல் முழுவதும் குளிரில் விறைத்துக்கொண்டு எதற்காக உட்கார வேண்டும்? நாங்கள் மலையடிவாரத்து நிலக்கடலைக் காட்டில் காவல் பரண் போட்டபோது இரவெல்லாம் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டுப் பன்றியை விரட்டுவோம், பகலில் இறங்கித் தூங்குவோம். நீங்கள் வரவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறீர்கள்.

[காலை 7.48] மாமா: மச்சான், வருடத்தின் மற்ற நாள்களுக்கு நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். இந்த நவம்பர் நடுவில் இரண்டு காரணங்களால் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. முதலாவது, இது வெண்வால் மான்கள் இணை சேரும் பருவம். பெண் மான் தன் வழக்கப்படி பகலில் அடர்ந்த புதரிலோ தேவதாரு சதுப்பிலோ படுத்துக் கிடக்கும். ஆனால் ஆண் மானுக்கு இப்போது தூக்கமும் இல்லை, தீனியும் இல்லை. பெண் மான்கள் படுத்திருக்கும் இடங்களின் மேல் வீசிய காற்று வந்து சேரும் பக்கமாக நடந்தாலே எந்தப் பெண் மான் பருவத்தில் இருக்கிறது என்று மூக்கால் தெரிந்துகொள்ளும் என்பதால், ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்கு அது பட்டப்பகலில் அலையும். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் வயதான ஆண் மான்களை நான் பார்த்திருப்பதெல்லாம் இந்த வாரத்தில்தான்.

இரண்டாவது காரணம் மனிதர்கள். இந்த மாநிலத்தில் ஏறக்குறைய 6 லட்சம் பேர் மான் உரிமம் வாங்குகிறார்கள். முதல் நாளன்று வடக்கே பல பள்ளிகள் விடுமுறையே விட்டுவிடும். அத்தனை பேரும் இருட்டில் காட்டுக்குள் போவார்கள், பத்தரை மணிக்குக் கால் குளிர்ந்து பசி எடுத்ததும் எழுந்து வண்டிக்கு நடப்பார்கள், சூப் குடித்துவிட்டு இரண்டு மணி வாக்கில் திரும்புவார்கள். படுத்திருக்கும் மானை எழுப்பி நடக்க வைப்பது அந்த நடைதான். நாள் முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரிலுள்ள மற்ற வேட்டைக்காரர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காமல் மான் கலைத்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

[காலை 8.02] அக்கா (டொராண்டோ): மாமா, விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொல்லத்தான் வேண்டுமா? தம்பி ஒரு நல்ல கேமராவை எடுத்துக்கொண்டு இதே பரணில் உட்காரலாமே.

[காலை 8.19] மாமா: உட்காரலாம், அதில் குறையில்லை. ஆனால் மிச்சிகனில் சுமார் 20 லட்சம் மான்கள் இருக்கின்றன. மாநிலத்தின் தென்பாதியான கீழ்த் தீபகற்பத்தில் அவற்றைக் கட்டுக்குள் வைத்திருந்த ஓநாய்களை மனிதர்கள் அழித்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆண்டுதோறும் 50,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் மான்மீது மோதுகின்றன. மான் பெருத்த காட்டில் தரையிலிருந்து மான் வாய் எட்டும் உயரம் வரை ஒரு நாற்றுகூட மிஞ்சாது. நான் கறிக்காகப் போகிறேன், அதை மறைக்கவில்லை. கடைக்கறி வாங்கும்போது யாரும் நம்மிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதையும் நினைத்துக்கொள்.

[காலை 8.24] அக்கா (டொராண்டோ): நான் கடைக்கறியும் வாங்குவதில்லை, மாமா. ஆனால் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

[காலை 10.25] நான்: மாமா, ஒரு கிழட்டு ஆண் மான்கூட வரவில்லை. உதிர்ந்த ஓக் இலைச் சருகில் மான் நடக்கும் சத்தம் கேட்டு நெஞ்சு படபடத்துத் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஒரு சிவப்பு அணில்தான் கொட்டையைப் புதைத்துக்கொண்டிருக்கிறது. வெப்பநிலை சுழியத்துக்கு இரண்டு பாகை கீழே. கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. அரை மணி நேரம் இறங்கி நடந்துவிட்டு வரலாமா என்று தோன்றுகிறது.

[காலை 10.31] மாமா: கூட்டம் எழுந்து போகும் நேரத்தில் உனக்கும் அதே எண்ணம் வந்திருக்கிறது, பார். இறங்காதே. இரண்டு சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிப் போட்டிருக்கிறாயா?

[காலை 10.33] நான்: ஆமாம். இரண்டும் தடித்த கம்பளி.

[காலை 10.44] மாமா: ஒன்றைக் கழற்று. காலணிக்குள் இடமில்லாமல் நெருக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விரைவாகக் குளிரும், கம்பளி எத்தனை தடிப்பு என்பதெல்லாம் பிறகுதான். நடந்து வந்தபோது வேர்த்திருந்தால் அந்த ஈரமும் சாக்ஸில்தான் இருக்கிறது, உலர்ந்த ஜோடி பையில் இருந்தால் மாற்றிக்கொள். மேலங்கியைப் பையில் கட்டிக்கொண்டு மெல்லிய உடையில் மெதுவாக நடந்து வந்து, பரணில் ஏறிய பிறகே எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பருத்தி பனியன் உடம்பில் இருந்தால் அதைவிடப் பெரிய பகை வேறு இல்லை. கைச்சூடு தரும் பொட்டலங்களைக் காலணிக்குள் திணிக்காதே. உள்ளே இருப்பது இரும்புத் தூள், அது காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போதுதான் சூடு வருகிறது, இறுக மூடிய காலணிக்குள் காற்று ஏது? ஒன்றை உள்ளங்கியின் மேல் பிடரியிலும், இரண்டை இடுப்புக்குப் பின்னால் சிறுநீரகம் இருக்கும் இடத்திலும் வை. பனியனுக்கு வெளியேதான், தோலில் படக் கூடாது. பிறகு காற்று வீசி மரம் சலசலக்கும்போது மட்டும் மெல்ல எழுந்து நின்று, முழங்காலை மடக்கி நீட்டி, மறுபடியும் உட்கார்.

[காலை 10.52] நான்: சாக்ஸ் மாற்றிவிட்டேன். நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தெர்மாஸிலிருந்து வெந்நீர் ஊற்றித் தருகிறார். சிறுநீர் கழிக்க ஒரு வாய் அகன்ற பாட்டிலையும் காட்டினார். அந்தப் பகுதியை இந்தக் குழுவில் விரிவாக எழுத விரும்பவில்லை.

[காலை 10.54] பெரியப்பா: நல்லது.

[பகல் 11.40] நான்: மாமா சொன்னபடியே நடக்கிறது. வடக்கு எல்லையில் மூன்று ஆரஞ்சு மேலங்கிகள் வண்டிப் பாதையை நோக்கி நடந்து போகின்றன. அரை மைலுக்கு அப்பாலிருந்தும் அந்த நிறம் கண்ணில் அடிக்கிறது. மானுக்கு இது தெரியாதா?

[பகல் 11.46] மாமா: மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பச்சையிலிருந்து பெரிதாக வேறுபட்டுத் தெரியாது, மனிதன் கண்ணுக்குத்தான் அது எரியும். மனிதன் மனிதனைச் சுடாமல் இருப்பதற்காகச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் நிறம் அது. மான் நீல நிறத்தை நம்மைவிட நன்றாகப் பார்க்கும் என்பதால் நீல ஜீன்ஸ் அணிந்து போவதுதான் தவறு. கண்ணைவிட மூக்குக்குப் பயப்படு. காற்று எந்தப் பக்கம்?

[பகல் 11.48] நான்: மேற்கிலிருந்து. சதுப்பு எங்களுக்கு மேற்கே இருக்கிறது.

[பகல் 11.49] மாமா: அப்படியானால் அங்கிருந்து வரும் மானுக்கு நீங்கள் இருவரும் இல்லை. உட்கார்.

[பகல் 1.05] நான்: கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டே முக்காலுக்குச் சதுப்பிலிருந்து ஒரு பெண் மான் வெளியே வந்து, நான்கு அடி வைப்பதும் நின்று பின்னால் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. முன்னே ஆபத்து இருந்தால் முன்னேதான் பார்க்கும், பின்னால் பார்த்தால் அங்கே ஆண் மான் இருக்கிறது என்று நண்பர் என் காதில் சொல்லி முடிப்பதற்குள், மூக்கைத் தரையோடு தேய்த்தபடி, குட்டைக் குட்டையாக உறுமிக்கொண்டே அது வந்துவிட்டது. எழுபது கஜ தூரம் இருக்கும். துப்பாக்கியை உயர்த்திப் பாதுகாப்பு விசையை விலக்கும் முன் கொம்பை எண்ணினேன். ஒரு பக்கம் இரண்டு முனைகள், மறுபக்கம் புதரில் மறைந்திருந்தது. இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு பக்கத்திலாவது மூன்று முனைகள் இருந்தால்தான் சுடலாம். அது தலையைத் திருப்பவே இல்லை, பெண் மானைத் தொடர்ந்து மேட்டின் மறுபக்கம் இறங்கிவிட்டது.

[பகல் 1.09] மாமா: அது திரும்பி வரவும் கூடும், வராமலும் போகும். சுடாமல் விட்டதை நண்பர் ஒப்புக்கொண்டாரா?

[பகல் 1.11] நான்: அவர் பார்த்ததும் இரண்டு முனைகள்தான். தெற்கிலிருந்து இப்போது ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

[பகல் 1.13] அம்மா: இங்கே மணி பதினொன்றே முக்கால். நான் படுக்கப் போகிறேன். இறங்கும்போது கயிற்றை மாட்டிக்கொள்ள மறக்காதே.

[மாலை 5.50] நான்: மாமா, ஐந்து மணிக்கு ஒன்று கிடைத்தது. மதியம் வந்தது இல்லை, வேறொன்று, இரு பக்கமும் நான்கு நான்கு முனைகள். மேட்டின் மேலிருந்து சதுப்பை நோக்கித் தனியாக நடந்து வந்தது. அதற்குப் பின்னால் மண் மேடு இருந்ததால் குண்டு எங்கே போகும் என்ற கவலை இல்லை. ஐம்பது கஜத்தில் தோளுக்குப் பின்னால் சுட்டேன், குதித்து ஓடிவிட்டது. உடனே இறங்கவில்லை. நண்பர் அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்து உட்கார வைத்தார். பிறகு துப்பாக்கியைக் காலி செய்து கயிற்றில் இறக்கிவிட்டு இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் சருகிலிருந்த இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்தோம். நூறு அடிக்குள் விழுந்து கிடந்தது. உரிமச் சீட்டில் நாளைக் குறித்து வெட்டி, கொம்பில் கட்டிவிட்டேன்.

[மாலை 6.02] பெரியப்பா: அதிகாலையிலேயே விழித்துவிட்டேன், எல்லாவற்றையும் படித்தேன். மாலை ஐந்து மணிக்குத்தான் கிடைத்தது என்றால், மதியம் வீட்டில் சூப் குடித்துவிட்டு மூன்று மணிக்கு வந்து ஏறியிருந்தாலும் இதே மான் கிடைத்திருக்கும் அல்லவா? உன் மாமாவின் நடுப்பகல் கொள்கை என்ன ஆயிற்று?

[மாலை 6.15] மாமா: மச்சான், நல்ல கேள்வி. ஆனால் மான் வந்தது மேட்டின் மேலிருந்து, வண்டிப் பாதையிலிருந்து பரணுக்கு வரும் நடைவழியும் அதே மேட்டின் மேல்தான். மூன்று மணிக்கு இரண்டு பேர் அந்த வழியாக நடந்திருந்தால் அவர்கள் காலடி மணம் இரவு வரை அங்கே கிடந்திருக்கும், ஐந்து மணிக்கு வந்த மான் அதன் மேல் மூக்கை வைத்த இடத்திலேயே திரும்பியிருக்கும். மதியம் எதுவுமே வராவிட்டாலும் நான் அவனை இறங்க விட்டிருக்க மாட்டேன். மருமகனே, குடலை அங்கேயே எடுத்துவிட்டீர்களா?

[மாலை 6.20] நான்: நண்பர் எடுத்துவிட்டார், நான் விளக்குப் பிடித்தேன். நாளைக்குக் கறி வெட்டுபவரிடம் கொண்டு போகிறோம்.

[மாலை 6.31] மாமா: இரவு குளிர் போதும், மரத்தில் தூக்கித் தொங்க விடுங்கள். 72 மணி நேரத்துக்குள் இயற்கை வளத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், அதை நாளைக்கு என்று தள்ளாமல் இன்றிரவே முடித்துவிடு. மான்களைத் தாக்கும் நாள்பட்ட நலிவு நோய் 2015இல் இங்கே எங்கள் இங்காம் மாவட்டத்துக் காட்டு மானில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு அது தொற்றியதாகச் சான்று இல்லை என்றாலும், நோய் உள்ள மானின் கறியை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. எனவே தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை கறியைத் தனியாகப் பெயர் எழுதி உறைய வை.

[மாலை 6.36] நான்: செய்கிறேன். முடிவு வந்த பிறகு உங்களுக்குத் தொடைக்கறி கொண்டு வருகிறேன்.

[மாலை 6.38] மாமா: முதுகுக்கறியையும் சேர்த்துக் கொண்டு வா. மான் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. குக்கரில் ஆறு விசில் விட்டுத் தோலாக்கிவிடாமல் உன் அத்தை மிளகு போட்டு வறுப்பாள்.