‘ஹெட்லெஸ்’ வழங்கி: தலையா, திரையா?

அனைவருக்கும் வணக்கம்.

கையேட்டை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். சிங்களப் பகுதி முடிந்துவிட்டது. தமிழ்ப் பகுதி, ‘ஹெட்லெஸ்’ (headless, ‘தலையில்லாத’) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. அதனால் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொருள். எங்கள் வழங்கிக்கு (server) மானிட்டரும் இல்லை, வரைகலைத் திரையும் இல்லை. பயிற்சி முடித்தவர்களின் சான்றிதழ்களை இரவில் அதுதான் படக் கோப்புகளாக ஆக்குகிறது. பழைய நிரல் ஜன்னல் ஒன்றைத் திறந்து அதில் வரையப் பார்க்கும். திரை இல்லையென்று விழுந்துவிடும். அந்த நிரலை ஓட்டுகிற ஜாவாவை ‘ஹெட்லெஸ்’ நிலையில் ஓடவிட்டோம். 2002-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. ஜன்னல் திறக்கச் சொன்னால் மறுக்கும், படம் வரையச் சொன்னால் நினைவகத்திலேயே வரைந்து தரும். இன்னொரு வழி, எக்ஸ்விஎஃப்பி (Xvfb) என்ற மென்பொருளைக் கொண்டு நினைவகத்தில் ஒரு பொய்த்திரையை விரிப்பது. அகலம் 1024 புள்ளி, உயரம் 768, புள்ளிக்கு 4 பைட்டு. பெருக்கிப் பாருங்கள், சரியாக 3 மெகாபைட். அவ்வளவுதான் அந்தத் திரை.

எழுத்துரு மட்டும் தனியாகப் போட வேண்டும். போன மாதம் போடாமல் ஓட்டிய சான்றிதழ் ஒன்று இன்னும் என் மேசையில் கிடக்கிறது: ஆங்கிலப் பெயர் முழுசாக, தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது வெற்றுக் கட்டங்கள்.

> ‘கவந்த வழங்கி’ என்பதே பொருத்தம். தலை போயும் ஆடும் உடலைத் தமிழ் எப்போதோ பாடிவிட்டது.

ஐயா, தொல்காப்பியத்தின் ‘இருநிலம் தீண்டா அருநிலை’ வரை நீங்கள் போனதை இரண்டு தரம் வாசித்தேன். உயிர் போன பின்னும் நிலத்தில் விழாமல் நிற்கிற உடல், என்ன ஒரு காட்சி! ஆனால் அந்த உடலில் உயிர் இல்லை, எங்கள் வழங்கியில் இருக்கிறது. கம்பனின் கவந்தன் இன்னும் நெருக்கம்தான்: தலை இல்லை, வாய் வயிற்றில். படமும் உள்ளேயே பிறக்கிறது என்று நீட்டிப் பார்க்க எனக்கும் ஆசை. விடிய மூன்று மணிக்குப் பிழைச் செய்தியைப் பார்க்கிற பிள்ளை ‘கவந்த நிலை’ என்றால் என்ன செய்வாள்? இந்தக் கையேடு அவளுக்கு.

> திரை என்றால் அலை. தோல் சுருக்கமும் திரைதான், ‘நரை திரை’ மறந்ததா?

அக்கா, வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் திரை என்பது அலையாக இருக்கட்டும். கணினிக்கு முன்னால் இருக்கிற யாருக்கும் அந்தக் குழப்பம் வராது. இல்லாதது எதுவோ அதைச் சொல்வதுதான் சரி. தலை என்பது ஆங்கிலக்காரரின் உருவகம், அதை நாம் சுமக்கத் தேவையில்லை. ‘திரையிலா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணமும் இடிக்கவில்லை.

இடிப்பது அடுத்த சொல், அந்த நிலையில் படம் வரைகிற வேலைக்கான பெயர். ‘திரையிலாப் படமாக்கம்’ என்று எழுதினால் கொழும்பில் சினிமா என்றுதான் நினைப்பார்கள். ‘வரைவு’ என்றால் அலுவலகத்தில் முதற்படி, அகத்திணை படித்தவருக்குக் கல்யாணம். ‘படிமம்’ கவிஞர்கள் கையில் இருக்கிறது.

அதனால் கையேட்டில் ‘திரையிலா நிலை’ என்று போட்டு, மீதியை ‘இந்நிலையில் திரை இல்லாமலே படம் வரையலாம்’ என்று வசனமாகவே எழுதியிருக்கிறேன். ஐந்து பேர் சரி என்கிறீர்கள். கண்டித் தம்பி, இணையத்தில் தேடுகிறவனுக்கு ‘தலையிலா’தான் சட்டென்று மூலச்சொல்லைக் காட்டும் என்று நீங்கள் நேற்றுச் சொன்னதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஐயாவும் கவந்தத்தை விடுவதாக இல்லை. வியாழன் இரவு வரை கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறேன்.