மறு: ‘ரெக்கார்டு லிங்கேஜ்’ – பதிவு இணைப்பா, பதிவுப் பொருத்தமா?

குழுவினருக்கு வணக்கம்.

சாலை விபத்துத் தரவுக்கான சொற்பட்டியலில் ஒரு சொல் பாக்கி. போலீசிடம் உள்ள பதிவும் ஆஸ்பத்திரியில் உள்ள பதிவும் ஒரே ஆளைப் பற்றியவைதானா என்று கண்டுபிடித்துச் சேர்க்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் ரெக்கார்டு லிங்கேஜ் என்கிறார்கள். ‘பதிவு இணைப்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். மறுப்பு உண்டா?

இந்தியாவில் சாலை விபத்துகளைப் பதிய இப்போது ஓடும் கணினி அமைப்பு இ-டார். ஐராட் என்ற பெயரில் 2021-ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைப்பு, மத்திய அரசின் தகவலியல் மையமான என்.ஐ.சி. செயலாக்கம். காவலர் கைபேசியில் விபத்தைப் பதிந்ததும் ஓர் எண் விழும். வண்டி விவரத்தைப் போக்குவரத்துத் துறையும், சாலை விவரத்தை நெடுஞ்சாலைப் பொறியாளரும், காய விவரத்தைச் சுகாதாரத் துறையும் அந்த எண்ணின்கீழ் நிரப்ப வேண்டும். எண் ஒன்றாக இருப்பதால் ‘இணைப்பு’ என்பதே போதும் என்று நினைத்தேன்.

-----

> எண் ஒன்றாக இருப்பதால்

அங்கேதான் இடிக்கிறது, ஐயா. அந்த எண் விபத்துக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. ஒரு வேன் கவிழ்ந்தால் எண் ஒன்று, காயம்பட்டவர் பதினான்கு பேர். ஆஸ்பத்திரியில் கணக்கு ஆள்வாரியாக நடக்கிறது. விபத்து, வண்டி, ஆள் என்று மூன்று அடுக்கு வைத்து, ஆளுக்குத் தனி வரிசை எண் கொடுக்காமல் இந்த இரண்டும் ஒட்டாது.

அடுத்தது நேரம். 108 வண்டி ஆளை இறக்கியதும் கேஷுவால்டி டாக்டர் ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) எழுதிவிடுவார். போலீஸ் பதிவு பெரும்பாலும் அதற்குப் பிறகு. எண்ணே பிறக்காதபோது ஏ.ஆரில் எதை எழுதுவது? தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு ஏ.ஆர்., அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் அங்கே இன்னொன்று. உறவினர் தனியாருக்குக் கொண்டுபோனால் மூன்றாவது. ஆள் ஒருவர், காயம்பட்டோர் கணக்கில் மூவர். இரவு 11.40-க்கு அடிபட்டவருக்கு 12.25-க்கு எழுதும் ஏ.ஆரில் தேதியே மாறிவிடும்.

சாவுக் கணக்கும் இதை நம்பித்தான் இருக்கிறது. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்துச் சாவு. முதலில் பாரதிய நியாய சம்ஹிதா 125(b), கொடுங்காயம் என்று போட்ட வழக்கு, பன்னிரண்டாம் நாள் ஆள் இறந்தால் 106(1), கவனக்குறைவால் சாவு என்பதற்கு மாற வேண்டும். இறந்தது வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரி, தகவல் போலீஸ் நிலையத்துக்கு வரவில்லை என்றால் அந்த ஆள் தரவில் காயத்தோடு உயிரோடேயே இருப்பார்.

சொல்லுக்கு வருகிறேன். நம் அலுவலகக் கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே ‘இணைப்பு: ஏ.ஆர். நகல் 1’ என்றுதான் எழுதுகிறார்கள். ‘பதிவு இணைப்பு செய்யவும்’ என்று சுற்றறிக்கை போனால், நகலை எடுத்துக் கடிதத்தோடு பின் அடித்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பும் சொல்ல முடியாது.

-----

மேலே உள்ள மடலோடு உடன்பாடு. என் பரிந்துரை ‘பதிவுப் பொருத்தம்’.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் பத்துக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பதில்லை. மற்றவை கூடிவந்தாலும் ரஜ்ஜு தட்டினால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பதிவுகளைச் சேர்க்கப் புள்ளியியலாளர்கள் ஃபெல்லெகியும் சன்ட்டரும் 1969-ல் வகுத்த முறையும் பதிவில் உள்ள கட்டத்துக்குக் கட்டம் (பெயர், வயது, பாலினம் போன்றவை) வேறு மதிப்புக் கொடுப்பதுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி: ஒரே ஆளாக இருந்தால் இது ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? வேறு ஆளாக இருந்தும் தற்செயலாக ஒத்துப்போக எவ்வளவு? முதலாவதை இரண்டாவதால் வகுத்து, அடிமானம் 2-ல் மடக்கை எடுத்தால் அந்தக் கட்டத்தின் மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்குப் பாலினம். இரண்டு பட்டியலிலும் நூற்றுக்கு 85 பேர் ஆண் என்று கொள்வோம். யாரோ இருவரை எடுத்தாலே 0.745 வாய்ப்பில் ஒத்துப்போகும். ஒரே ஆளாக இருந்தால் 0.98 (எழுத்தரும் மனிதர்தானே). ஆக, ஒத்துப்போனால் கிடைப்பது +0.4. ஒத்துப்போகாவிட்டால் −3.7. கூடினால் லாபம் இல்லை, தட்டினால் பெருநஷ்டம்: ரஜ்ஜுவேதான். வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஒத்தால் +13 வரை வரும், ஆனால் ஏ.ஆரில் வண்டி எண் இருப்பது அபூர்வம்.

பெயர்தான் தலைவலி. செல்வராஜ், செல்வராசு, செல்வராஜன். ஆங்கிலத்தில் தட்டினால் தலைப்பெழுத்து முன்னால் ஒருவருக்கு, பின்னால் ஒருவருக்கு. ழ-வுக்கு இசட்-எச் போடுகிறவர் உண்டு, எல் போடுகிறவரும் உண்டு. ஒப்பிடும் முன் தலைப்பெழுத்தைத் தனிக் கட்டத்துக்கு நகர்த்துங்கள். ல-ள-ழ மூன்றையும் ஒன்றாக்குங்கள், ச-ஜ-ஸ அதேபோல. வயது 35, 40, 45 என்று குவிந்து கிடக்கும், ஏனென்றால் மயங்கிக் கிடப்பவரின் வயதைப் பார்வையால் எழுதுகிறார்கள். ஐந்து வயது வரை விட்டுக்கொடுக்கலாம்.

எல்லாரையும் எல்லாரோடும் ஒப்பிடவும் முடியாது. போலீஸ் பட்டியலில் 20,000, ஆஸ்பத்திரியில் 60,000 என்றால் 120 கோடி இணை. விபத்துத் தேதிக்கு முன்பின் ஒருநாள் மட்டும் பார்த்தால், ஓராண்டுத் தரவில் ஏறத்தாழ 99 லட்சத்தில் முடியும். நள்ளிரவுத் தேதிமாற்றமும் அந்த ஒருநாளில் அடங்கிவிடும். இதற்கு ‘பந்தி பிரித்தல்’ என்று சொல்லலாமா? அவரவர் பந்திக்குள் மட்டும்தான் ஒப்பீடு.

-----

இலங்கையில் இருந்து ஒரு குறிப்பு. நாங்கள் வீதி விபத்து, வைத்தியசாலை என்போம், பட்டியலில் இரண்டு வழக்கையும் போட்டால் நல்லது. பொருத்தம் எங்களுக்கும் பழகிய சொல்தான். ஆனால் ‘பதிவுப் பொருத்தம்’ என்று வாசித்தவுடன் ‘பதிவு பொருத்தமானதா’ என்ற கருத்தும் வருகுது. தகுதியைச் சொல்லுதா, சேர்க்கையைச் சொல்லுதா? மணி கோப்பது போலத்தானே இந்த வேலையும், ‘பதிவுக் கோவை’ எப்படி என்று யோசித்தேன், ஆனால் இங்கே அலுவலகத்தில் கோவை என்றால் ஃபைல். அதனால் நானே கைவிட்டேன்.

-----

இங்கே அதைவிட மோசம், கோயம்புத்தூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று நினைப்பார்கள் :-)

தகுதி என்ற மயக்கம் நியாயமான ஆட்சேபம். செயலுக்கு ‘பதிவுப் பொருத்தல்’ என்று வைத்தால் அது போய்விடும். நட்டைப் பொருத்துகிறோம், குழாயைப் பொருத்துகிறோம், யாரும் தகுதி என்று படிப்பதில்லை. ‘பொருத்தம்’ என்பதைக் கூட்டிவரும் மதிப்பெண்ணுக்கு வைத்துக்கொள்ளலாம். ‘இணை’ ஒப்பிடப்படும் இரண்டு பதிவுகளைக் குறிக்கட்டும். மேல்வரம்பைத் தாண்டினால் பொருந்திய இணை, கீழ்வரம்புக்குக் கீழே பொருந்தா இணை, நடுவில் இருப்பது ஐய இணை. ஐய இணையை ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பிழை இரண்டு வகை, இரண்டுக்கும் பெயர் வேண்டும். வேறு ஆட்களை ஒட்டிவிட்டால் ‘பொய்ப் பொருத்தம்’. ஒரே ஆளை ஒட்டாமல் விட்டால் ‘தவறிய பொருத்தம்’. இரண்டாவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, அதனால் ஒரு கணக்கு. போலீசில் 400 பேர், ஆஸ்பத்திரியில் 600 பேர், இரண்டிலும் இருப்பவர் 200. குளத்து மீனை எண்ணுகிற முறைப்படி மொத்தம் 400 × 600 ÷ 200 = 1,200. எழுத்துக்கூட்டல் குழப்பத்தால் 50 பேரின் பொருத்தம் தவறி 150 என்று வந்தால் மொத்தம் 1,600 ஆகிவிடும். இல்லாத 400 பேர் முளைத்துவிட்டார்கள். இந்த முறைக்கு ‘மறுபிடி மதிப்பீடு’ என்று முன்மொழிகிறேன், பிடித்துக் குறியிட்டு விட்டு மறுபடி பிடிப்பதால்.

இந்தக் கணக்கு ஏன் அவசியம் என்று கேட்பவருக்கு சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 எண்களைக் காட்டலாம். விபத்து 4,61,312, இறந்தோர் 1,68,491, காயமடைந்தோர் 4,43,366. ஒரு சாவுக்கு மூன்று காயம்கூட இல்லை. கேஷுவால்டியில் ஒருநாள் நின்றவர் இதை நம்ப மாட்டார். காயம்பட்டவர் போலீஸ் பதிவுக்குள் வராமல் போகிறார், அது விபத்து குறைந்ததாகாது. அதே மாதிரி கருப்புப் புள்ளி, அதாவது விபத்து அடிக்கடி நடக்கும் இடம்: தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்றாண்டில் சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்து, அல்லது 10 சாவு என்பது அளவுகோல். நாலு விபத்து பதிவாகி ஐந்தாவது ஆஸ்பத்திரி நோட்டில் மட்டும் கிடந்தால், அந்த வளைவு பட்டியலில் ஏறாது.

‘பந்தி பிரித்தல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பந்தி என்றால் பத்தி என்று இலங்கையில் படிப்பார்களே?

-----

ஓம், பள்ளிக்கூடத்தில் பந்தி என்றால் பராகிராஃப்தான். ‘கூறுபிரித்தல்’ போடுங்கள், சந்தையில் மீனைக் கூறு வைப்பது இரண்டு பக்கமும் தெரியும்.

-----

சரி, கூறுபிரித்தல். பட்டியலில் ‘பதிவு இணைப்பு’ எடுத்துவிட்டு பதிவுப் பொருத்தல், பொருத்தம், ஐய இணை, பொய்ப் பொருத்தம், தவறிய பொருத்தம், மறுபிடி மதிப்பீடு ஏற்றியிருக்கிறேன். ‘விபத்து’ என்ற சொல்லையே மாற்றி ‘மோதல்’ ஆக்க வேண்டும் என்று தனியே ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் ஆக்சிடென்டை ஒதுக்கிக் கிராஷ் என்பதற்குக் காரணம், முன்னது ‘தற்செயல்’ என்று ஒலிப்பது. நம் விபத்துக்குக் கேடு என்பதுதான் வேர்ப்பொருள், அந்தப் பழி இதற்குக் கிடையாது. போதாக்குறைக்கு, மோதாமல் தானே கவிழ்ந்த வேனை ‘மோதல்’ என்று எந்தக் கட்டத்தில் பதிவது?