ஷார்ட்ஸ்டாப் பையன் எழுதிய காதல் கடிதங்கள்: அனுபவப் பகிர்வு

எதிர்க்கரை:

அமெரிக்காவில், மிஸிசிப்பி ஆற்றங்கரை நகரமான செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரையில், இல்லினாய் பக்கம் இருக்கிறேன். வேலையை விட்ட பிறகு சனிக்கிழமைகளில் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குப் போய் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். போன குளிர்காலத்தில் என் மேசைக்கு ஒரு ஷூ பெட்டி வந்தது. உள்ளே, 1942 முதல் 1944 வரை ஒரு பையன் தன் காதலிக்கு எழுதிய கடிதங்கள்.

பையன் பேஸ்பால் ஆட்டக்காரன், ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நின்று பந்தைப் பிடிப்பவன். மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் கடைசிப் படியான ‘கிளாஸ் டி’ அணி ஒன்றில் ஒரு சீசன் ஆடியிருக்கிறான். பிறகு ராணுவ விமானப் படையில் சேர்ந்து, பி-17 குண்டுவீச்சு விமானத்தின் பைலட்டாகி இங்கிலாந்துக்குப் போனான்.

காதல் கடிதம் என்றதும் கவிதையை எதிர்பார்த்தேன். பையனுக்கு அதெல்லாம் வரவில்லை. பாதிக் கடிதம் பந்தைப் பற்றித்தான். பயிற்சி முகாம் ஆட்டத்தில் மட்டை உடைந்தும் ஒரு ரன் வந்தது, கையுறையை எண்ணெய் தடவிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஆடினோம், வேடிக்கை பார்த்த இங்கிலீஷ்காரர்கள் ‘எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் ஆடுவது’ என்று சிரித்தார்கள். இப்படியே போகும். இரண்டு பக்கம் முடிந்து, கையெழுத்துப் போடும் இடத்தில்தான் திடீரென்று ஞாபகம் வந்ததுபோல் அவளைப் பற்றி ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது.

ஒரு கடிதத்தில் வேறு சங்கடம். ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் சிப்பாய்கள் எழுதும் கடிதங்களைத் தணிக்கை செய்வது அதிகாரிகளின் வேலை. பைலட் என்பதால் இவன் அதிகாரி. அடுத்தவன் மனைவிக்கு எழுதியதைப் படித்துவிட்டு, மறுநாள் அவன் முகத்தைப் பார்த்து எப்படிக் காலை வணக்கம் சொல்வது என்று கேட்கிறான். அதிகாரிகளின் சொந்தக் கடிதத்துக்கு அவரவரே தணிக்கையாளர். உறையின் இடது கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டால் போதும், மேலிடத்தில் எப்போதாவதுதான் பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் இவன் உறைகளில் இவன் பெயரே இரண்டு இடத்தில் இருக்கிறது.

அவன் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் என்ற மேஜர் லீக் அணியின் ரசிகன். பாவம், அதுவரை ஒரு தடவைகூட லீக் பட்டம் வாங்காத அணி. ‘பிரவுன்ஸ் ஸ்கோரை வெட்டி அனுப்பு’ என்று எல்லாக் கடிதத்திலும் நச்சரிப்பு. 1944-இல் அந்த அதிசயம் நடந்தது. அக்டோபர் 1, சீசனின் கடைசி நாள், நியூயார்க் யாங்கீஸை 5-2 என்று வென்று பிரவுன்ஸ் பட்டம் வாங்கியது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு, செப்டம்பர் 28 அன்று, ஜெர்மனியில் மெர்ஸ்பர்க் எண்ணெய் ஆலையைத் தாக்கப் போன இவன் விமானம் திரும்பவில்லை.

‘காணவில்லை’ என்ற தந்தி பெற்றோருக்குப் போகும், மனைவி இருந்தால் மனைவிக்குப் போகும். காதலிக்கு யார் தந்தி கொடுப்பார்கள்? அவள் வேறு ஊர். அவன் வீட்டில் விஷயமே தெரியாது. அவள் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். பெட்டியின் அடியில் அவள் அனுப்பிய உறைகள் சில, முகவரியைக் கோடு போட்டு அடித்து, ‘மிஸ்ஸிங்’ என்று குறித்து, அனுப்பியவருக்கே திரும்பி வந்தவை. அவளுக்குச் சேதி வந்தது அப்படித்தான். அதில் ஒன்று மட்டும் பிரிந்திருந்தது. உள்ளே கடிதம் இல்லை, மடித்து வைத்த பேப்பர் துண்டு ஒன்றுதான். பிரவுன்ஸ் ஜெயித்த அன்றைய ஆட்டத்தின் ஸ்கோர்.

போருக்குப் பிறகு, உடலை அங்கேயே புதைப்பதா ஊருக்குக் கொண்டுவருவதா என்று ராணுவம் கேட்டதும் பெற்றோரிடம்தான். ஊருக்கே கொண்டுவந்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை, கேட்க அவளுக்கு ஒரு உறவுப் பெயரும் இல்லை.

பொடோமாக் தம்பி:

அக்கா, படித்துவிட்டு ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைக்குப் போய், போரில் இறந்த இன்னொரு பேஸ்பால் ஆட்டக்காரர் எல்மர் கெடியனைப் பார்த்துவிட்டு வந்தேன். 1939-இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்கு ஐந்தே ஆட்டம், 15 தடவை மட்டை பிடித்து 3 ஹிட். 1942-இல் பயிற்சியின்போது அவர் இருந்த விமானம் விழுந்து எரிந்தது. வெளியே வந்தவர், உள்ளே மாட்டிய சக வீரரை இழுத்துவர விலா எலும்பு உடைந்த நிலையிலும் திரும்பிப் போனார். அதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள். 1944 ஏப்ரல் 20 அன்று பிரான்ஸில் அவர் ஓட்டிய பி-26 சுடப்பட்டு இறந்தார், 27 வயது முடிந்து ஐந்தாம் நாள். மேஜர் லீக்கில் ஆடிவிட்டு இரண்டாம் உலகப் போரில் களத்தில் இறந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் ஹாரி ஓ’நீல், ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர், ஜப்பானின் இவோ ஜிமா தீவுச் சண்டையில் இறந்தார். கிளாஸ் டி-யில் ஆடியவர்களையெல்லாம் யார் எண்ணிவைக்கப் போகிறார்கள்.

பையனின் சர்வீஸ் ரெக்கார்டு கிடைத்ததா?

எதிர்க்கரை:

அந்த வயிற்றெரிச்சலை ஏன் கேட்கிறீர்கள் தம்பி. ரெக்கார்டு இருந்தது இங்கே செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில்தான். 1973 ஜூலை தீவிபத்தில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல் கோப்புகள் போயின, அந்தக் காலத்து ராணுவக் கோப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு. இவனுடையதும் அதில் போயிற்று. ஆனால் விமானம் காணாமல் போனால் தனியாக ஒரு அறிக்கை எழுதுவார்கள், அது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நாள், இலக்கு, உடன் பறந்தவர்கள் எல்லாம் அதில் பார்த்ததுதான். உங்கள் யாருக்காவது தேவைப்பட்டால் அங்கேயே தொடங்குங்கள்.

ஸ்டாம்ப் மாமா, கும்பகோணம்:

போர்க்காலத்து வீ-மெயில் தபால் ஏதாவது இருக்கிறதா அம்மா? நான் சேர்க்கிறேன். கடிதத்தை 16 மில்லிமீட்டர் பிலிமில் படம் பிடித்து, பிலிமை மட்டும் விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் கையளவு காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். 37 மூட்டைத் தபால் ஒரே மூட்டையில் அடங்கிவிடும். பெண்கள் லிப்ஸ்டிக் முத்தம் பதித்து அனுப்பி மெஷினில் அப்பிக்கொள்ளுமாம், தபால் இலாகா தலையில் அடித்துக்கொண்டதாம்!

எதிர்க்கரை:

ஒன்றே ஒன்று மாமா, அதுவும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. வீ-மெயிலில் பேப்பர் துண்டு வைக்க முடியாதே, இவர்களுக்கு அது சரிப்படவில்லை. மற்றதெல்லாம் ஆறு சென்ட் ஏர்மெயில்.

பொடோமாக் தம்பி:

அந்தப் பெண் பிறகு என்ன ஆனார் அக்கா? பெட்டி சங்கத்துக்கு எப்படி வந்தது?

எதிர்க்கரை:

கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பெற்றார், நன்றாகவே வாழ்ந்திருக்கிறார். பெட்டி இருப்பது கணவருக்கும் தெரியுமாம், வீடு மாறியபோது அவரே தூக்கி வந்து அலமாரியில் வைத்தாராம். எங்களிடம் கொடுத்தது மகள். படிக்கலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், இரண்டு பெயரையும் வெளியே சொல்லக் கூடாது, பிரிக்காத உறைகளைப் பிரிக்கவும் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். சங்கத்தில் ஒருவருக்கு அந்த உறைகள் மேல் ஒரு கண். நான் ஒப்பவில்லை. உறைகளை வெளிப்பக்கம் மட்டும் ஸ்கேன் செய்து, அமிலமில்லாத கவரில் போட்டு வைத்தாயிற்று. ஆகவே பெயர் கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே இருவர் கேட்டுவிட்டார்கள்.