வெள்ளைக் கட்டைகளில் டி மைனர் சரியாக வரவில்லை, எங்கே தவறு?

கேள்வி:
கீபோர்டு கற்று ஐந்து மாதம் ஆகிறது. ஏ மைனருக்கு ஏ-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் போதும் என்று படித்தேன். வாசித்தேன், நன்றாகவே இருந்தது. அதேபோல டி-யில் தொடங்கி டி வரை வெள்ளைக் கட்டைகளை வாசித்தால் மைனர் மாதிரியும் இருக்கிறது, மேலே போகும்போது ஏதோ ஒரு ஸ்வரம் உறுத்தவும் செய்கிறது. ஒரு வாரமாகக் குழம்புகிறேன். யாராவது விளக்குங்களேன்.

பதில்:
உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. உறுத்துவது ஆறாவது ஸ்வரம். மைனர் என்பது வெள்ளைக் கட்டை சமாச்சாரமே இல்லை, இடைவெளிக் கணக்கு. நேச்சுரல் மைனருக்கு, அதாவது அடிப்படை மைனருக்கு, அரை ஸ்வரத்தை (கருப்பையும் சேர்த்து ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள இடைவெளி) ஒன்றாக வைத்தால் 2, 1, 2, 2, 1, 2, 2. டி-யிலிருந்து எண்ணுங்கள். டி, ஈ, எஃப், ஜி, ஏ வரை பிழையில்லை. ஏ-க்கு அடுத்து ஒன்றுதான் ஏற வேண்டும், நீங்கள் இரண்டு ஏறி பி-க்குப் போய்விட்டீர்கள். அங்கே பி ஃப்ளாட், அதாவது ஏ-க்கும் பி-க்கும் நடுவில் உள்ள கருப்புக் கட்டை வர வேண்டும்.

இன்னொருவர்:
வீணை வாசிக்கிறவன் என்பதால் ராகத்தில் சொல்கிறேன். சி-யை ஸட்ஜமாக வைத்தால் வெள்ளைக் கட்டைகள் சங்கராபரணம். அதன் தைவதமான ஏ-யை ஸட்ஜமாக மாற்றினால் நடபைரவி, 20-வது மேளம் (கர்நாடக இசையின் 72 தாய் ராகங்களில் ஒன்று). அதுதான் நேச்சுரல் மைனர். ரிஷபமான டி-யை மாற்றினால் கிடைப்பது 22-வது மேளமான கரஹரப்ரியா. இரண்டுக்கும் தைவதம், அதாவது ஆறாவது ஸ்வரம், மட்டுமே வேறு. நீங்கள் வாசித்தது தப்பான ஸ்கேல் இல்லை தம்பி, அருமையான வேறொரு ஸ்கேல். மேற்கத்திய இசையில் அதை டோரியன் என்பார்கள். இடது கையில் டி-யையும் ஏ-யையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையில் டி-யிலிருந்து இரண்டு ஸ்கேலையும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள், வித்தியாசம் தெளிவாகக் கேட்கும்.

கேட்டவர்:
புரிந்துவிட்டது, ரொம்ப நன்றி அண்ணா! ஆனால் என் பயிற்சிப் புத்தகத்தில் டி மைனர் பாடத்தில் சி ஷார்ப் (சி-க்கு அடுத்த கருப்புக் கட்டை) வருகிறதே?

முதலில் பதில் சொன்னவர்:
அது ஹார்மோனிக் மைனர். ஏழாவது ஸ்வரத்தை அரை ஏற்றினால் ஏ கார்டு (ஏ-யில் தொடங்கிச் சேர்த்து அழுத்தும் மூன்று ஸ்வரம்) மேஜராகி, டி-க்குத் திரும்பும் இழுப்பு பலமாகும். ராகக் கணக்கில் கீரவாணி. முதலில் நேச்சுரல் கையில் படியட்டும், அப்புறம் இதற்கு வாருங்கள்.

கேட்டவர்:
சரி. ஜி மைனரை நானே எண்ணிப் பார்த்தேன்: பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் இரண்டும் வருகின்றன. சரிதானே?

முதலில் பதில் சொன்னவர்:
சரிதான். பி ஃப்ளாட் மேஜருக்கும் அதே இரண்டு ஃப்ளாட்தான்.