வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய மரச்சாமான்கள்: எங்கள் அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:

எங்கள் வீட்டுத் தேக்கு அலமாரியைப் பழுதுபார்க்க வந்த ஆசாரி, கதவின் நடுப்பலகை லேசாக ஆடுவதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டார். ஒட்டிவிடலாமே என்றதற்கு, "வேணாம் சார், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும், ஐப்பசி மழைக்கு ஊதும், அது ஆடத்தான் வேணும்" என்றார். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. ஈரத்துக்கேற்பக் குறுக்குவாக்கில்தான் சுருங்கி விரிகிறது. அதனால்தான் அக்காலத்தார் சட்டத்தின் உட்புறம் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பலகையைப் பசையின்றி அதற்குள் செருகினார்கள். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நம் வேலூரில் நான்கு பக்கமும் ஒட்டப்பட்ட அகலப் பலகை வெடிக்காமல் இருப்பது அரிது.

சட்டங்களின் மூலைகளோ துளையும் கழுந்துமாக (துளைக்குள் செருகும் முனை) பொருத்தி, வஜ்ஜிரத்தால் ஒட்டப்பட்டிருந்தன. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இப்பசையின் வாடையை, தோல் பதனிடும் ஊர்களான ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் ஊறவைத்த வஜ்ஜிரத்தை நேரடியாக அடுப்பில் ஏற்றாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்க வேண்டும். 60 பாகை போதும், கொதித்தால் பிடிமானம் குறைந்துவிடும். தளர்ந்திருந்த மூலையில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சற்றுநேரம் விட்டு, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) ஆசாரி மெல்லத் தட்டியதும் கழுந்து சிதையாமல் முழுதாக வெளியே வந்தது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போட்ட மூட்டில் பழையதைச் சுரண்டி எடுக்காமல் புதுப்பசை பிடிக்காது. வஜ்ஜிரம் பழைய வஜ்ஜிரத்தோடு இளகிச் சேர்ந்துகொள்ளும். பழம்பாணி என்று இன்று விற்கப்படும் பலவற்றில் தோற்றம் மட்டுமே பழையது, உள்ளே இருப்பது திருகாணி என்பது என் கருத்து.

ஆரணியிலிருந்து:

பழையதை இளக்கியே பழுதுபார்க்கலாம் என்று மேலே காட்பாடிக்காரர் வஜ்ஜிரத்துக்குச் சொன்னது மெருகுக்கும் பொருந்தும். எங்கள் ஈட்டிமர நாற்காலியில் சூடான காபி டம்ளர் பதித்த வெள்ளை வளையத்தை, ஸ்பிரிட் லேசாகத் தொட்ட பஞ்சுப் பொதியால் தேய்த்தே பாலிஷ்காரர் போக்கிவிட்டார். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய மெருகு மீண்டும் ஸ்பிரிட்டில் இளகும் என்பதால், முழுவதையும் சுரண்டாமல் கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்ய முடிந்தது. உடைந்திருந்த கைப்பிடிக்கு, இடிக்கப்பட்ட வீடொன்றின் பழைய ஈட்டித் துண்டையே தேடி வாங்கினோம். ஈட்டிமரத்தின் பன்னாட்டு வணிகம் 2017 முதல் கட்டுப்பாட்டில் உள்ளது. உள்ளூரிலும் அதை வெட்ட நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. ஆகவே புதுப்பிக்க விரும்புவோர் முதலில் பழைய மரக்கடைகளில் விசாரிப்பது நல்லது. விலையும், ஆணி பிடுங்கும் வேலையும் சற்று அதிகம்தான்.